கம்பவுண்டர் கடித்த பைப்பு

ஈரமுடி என்கிற எங்கள் மலையூரில் மழை நின்றால்தான் ஆச்சரியப்படுவார்கள். அதனால், தேயிலைத் தொழிற்சாலையில் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசீர் செல்லையா, என்றைக்கோ செத்துப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவரின் புகைபிடிக்கிற பைப்பை ஸ்பிரிட் விளக்கில் வாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பைப்பு "எனக்குத் தேயிலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது" என்று சுத்தமான இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டு அவர் திடுக்கிடவுமில்லை, அதைக் கீழே போடவுமில்லை. "அது எங்களுக்கு அப்பமே தெரியும் தொர" என்று பதில் சொல்லிவிட்டு, காம்பைத் திருப்பி மறுபக்கத்தை வாட்டினார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய சிநேகிதர் கம்பவுண்டர் சங்கரலிங்கம் தன் வாயிலிருந்த பைப்பைக் கையில் எடுத்து, அதை ஒருதரம் பார்த்துவிட்டு, மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

பைப்பு ரிப்பேர் என்றதும் குழாயடி ரிப்பேர் என்று நினைத்து, தண்ணீர் வரவில்லை என்று ஆசீரைக் கூப்பிட வந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர் பார்த்தது வேறு ரிப்பேர். எஸ்டேட் கிளப்பை மூடியபோது, துரைமார் விட்டுப்போன பைப்புகளை ஒரு மரப்பெட்டியோடு யாரும் கேட்பாரில்லாமல் ஏலத்தில் விட்டார்கள். பீங்கானையும் மான்கொம்பையும் மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போக, ஆசீர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் புகைக்கிற பழக்கம் கிடையாது. தேயிலை ருசி பார்க்கிற நாக்கு கெட்டுவிடும் என்று வெற்றிலைகூடப் போடாதவர். ஆனாலும் கறுத்து, நாறி, யாரோ ஒருவனின் எச்சிலோடு காய்ந்துபோன ஒரு பொருளை மறுபடி மினுங்க வைப்பதில் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. மரக்கிண்ணத்துக்குள் படிந்த கரிப் பொருக்கைச் சுரண்டுவார். கல்லுப்பை நிரப்பி, அதன்மேல் சங்கரலிங்கம் டிஸ்பென்சரியிலிருந்து கொண்டுவரும் ஸ்பிரிட்டை ஊற்றி ஊறவைத்து நாற்றத்தை இழுப்பார். கம்பியில் பஞ்சு சுற்றிக் காம்பின் துளையைத் துடைப்பார். பழுப்புப் பச்சையாகிப்போன காம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி கறுப்பாக்குவார். கடைசியில் தேன்மெழுகு தடவித் துணியால் தேய்த்துத் தேய்த்து, தன் முகம் அதில் தெரிகிறதா என்று பார்ப்பார்.

அந்தக் காம்பு இருக்கிறதே, அது கெட்டி ரப்பர். பைப்புக்காரன் எவனும் அதைச் சும்மா உதட்டில் வைத்திருப்பதில்லை, பல்லால் கடிப்பான். கடித்த இடத்தில் குழி விழும். ஆனால் அந்த ரப்பருக்கு ஒரு குணம் உண்டு: பதமாகச் சூடு காட்டினால் அது தான் பிறந்த வடிவத்துக்கே திரும்பிவிடும், பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமாகிவிடும். இது உலகத்தில் பைப்பு ரிப்பேர் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் குழியைக் கடித்த நேரத்தில் கடித்தவன் சொல்லாமல் அடக்கிய வார்த்தையும் அதனோடு சேர்ந்து மேலெழும்பி, அவன் குரலிலேயே வெளியே வரும் என்பது மட்டும் ஈரமுடியில் நடந்தது. ஏன் நடந்தது என்று கேட்டால், மழையைக் காட்டினோம். வேறு என்ன காட்டுவது?

இந்த இடத்தில் ஆசீரின் வீட்டுக் கதையைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஒரு மனைவி உண்டு, தயாமணி. கிளப் பெட்டி வீட்டுக்குள் வந்த வருஷமே அந்த அம்மாள் வெளியே போனார். "செத்தவன் எச்சிலையெல்லாம் வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, நாறுது" என்று அவர் சொல்ல, "நாறுறது பொறுக்கலன்னா ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போ" என்று இவர் சொல்ல, அன்றைக்கே ஒரு பெட்டியோடு, திருநெல்வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கிற மெஞ்ஞானபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியும்: கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள் தானாகத் திரும்ப மாட்டாள், புருஷன் வீட்டிலிருந்து யாராவது போய்க் கூப்பிட வேண்டும். புருஷனே போனால் அது இறங்கிப் போனதாகிவிடும். எனவே நல்ல மனுஷன் ஒருவனை அனுப்புவார்கள். ஆசீர் சங்கரலிங்கத்தை அனுப்பினார். போகும்போது, தான் முதன்முதலாகச் சரிசெய்து முடித்த பைப்பை நன்றியாக அவர் கையில் கொடுத்து அனுப்பினார்.

சங்கரலிங்கம் போய்விட்டு வந்து, "வரமாட்டாகளாம் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆசீர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். சங்கரலிங்கம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பைப்பை வாயில் வைத்து, விடியும்வரை போகாமல் இருந்தார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு சாயங்காலம் தவறாமல் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கல்யாணம் ஆகாத மனுஷன், வீட்டில் ஒரு பூனை மட்டும். அவர் அதிகம் பேச மாட்டார். ஆசீர் பேசுவார். "நான் அப்படி என்ன வே சொல்லிட்டேன், ஒரு வார்த்த, அதுக்கு வரமாட்டேன்னுட்டாளே" என்று எத்தனை சாயங்காலம் சொன்னாரோ, அத்தனை சாயங்காலமும் சங்கரலிங்கம் பைப்பைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். இப்படி ஒரு சிநேகிதம் யாருக்கு வாய்க்கும் என்று நாங்கள் பொறாமைப்பட்டோம்.

சரி, பைப்பு பேசியதற்கு வருவோம். கடிபட்ட காம்பைச் சூட்டில் வாட்டுகிற வித்தையை ஆசீர் ஓய்வுபெற்ற பிறகுதான் கற்றுக்கொண்டார், அதுவரை குழி குழியாகவே கிடந்தது. முதலில் துரைமார் பேசினார்கள். பெட்டியில் இருந்த ஒவ்வொரு பைப்பையும் ஆசீர் வாட்ட, ஜன்னலுக்கு வெளியே குடைபிடித்துக்கொண்டு ஊரே நின்று கேட்டது; இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்ல ஓய்வுபெற்ற ஹில்டா டீச்சரை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். துரைமார் பெரிய ரகசியம் எதையும் அடக்கிவைத்திருக்கவில்லை. மழை பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும், சமையல்காரன் சாராயத்தில் தண்ணீர் கலக்கிறான், இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். ஒரே ஒரு பைப்பு மட்டும், கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தியின் பேரை, வேறு எதுவும் சொல்லாமல் பேரை மட்டும், விளக்கு அணைகிறவரை சொல்லிக்கொண்டிருந்தது. ஹில்டா டீச்சருக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. கூட்டத்தில் நின்ற பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமான கிழவர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு மழையில் நடந்து போனார், நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் முறை வந்தது. மளிகைக்கடை முத்துக்கருப்பன் தன் அப்பாவின் பைப்பைப் பரணிலிருந்து தேடி எடுத்து வந்தார். அப்பா, "பெரியவன் ஒழைக்கான், சின்னவன் தின்னுதான்" என்று கல்லாவில் உட்கார்ந்தபடி கடித்துவைத்திருந்ததை அண்ணன் தம்பி இரண்டு பேருமாக நின்று கேட்டார்கள். மறுவாரமே கடைக்கு நடுவில் சுவர் வந்தது, நாங்கள் பருப்பை ஒருபக்கமும் புளியை மறுபக்கமும் வாங்கப் பழகிக்கொண்டோம். அதற்கப்புறம் புகையிலையைக் கண்ணால் பார்த்திராதவர்களும் பைப்பு வாங்க ஆரம்பித்தார்கள். வளையல் கடையில் வளையலுக்குப் பக்கத்தில் பைப்பு தொங்கியது. மாமியார் குழம்பில் உப்பை அள்ளிப் போடும்போது மருமகள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் பைப்பைக் கடித்தாள், மருமகள் கதவைப் படாரென்று சாத்தும்போது மாமியார் கடித்தாள், சனிக்கிழமை இரண்டு பேரும் ஒரே குடையில் ஆசீர் வீட்டுக்கு வந்து, வாட்டச் சொல்லிக் கேட்டு, வாய்விட்டுச் சிரித்துவிட்டு, போகிற வழியில் பஜ்ஜி வாங்கித் தின்றார்கள். சண்டை குறைந்துபோனதால் அவுட்போஸ்ட் போலீஸ்காரர்கள் பின்கட்டில் பீட்ரூட் போட்டார்கள், நன்றாகவே விளைந்தது.

குருவானவர், கடித்த வார்த்தை பாவக்கணக்கில் சேராது என்று ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்தார். கோயில் பூசாரி, உள்ளே புகையிலை இல்லாதவரை தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். கல்யாணச் சீரில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இரண்டு பைப்பு வைக்கிற பழக்கம் வந்தது. பொய்ப்பல் கட்டியவர்களுக்குத்தான் சங்கடம்: பொய்ப்பல் ரப்பரில் பதியவில்லை, எனவே அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், பெண் கேட்கப் போகிற இடத்தில் சம்பந்தியின் பல் சொந்தப் பல்தானா என்று விசாரித்தார்கள். இப்படியாக அந்த அதிசயத்தைச் சோற்றோடு சோறாகப் பிசைந்து நாங்கள் தின்றுவிட்டோம். ஒரே ஒரு தகராறு வந்தது. யாரோ தன் பங்காளியின் பைப்பைத் திருடிக்கொண்டு வந்து வாட்டச் சொல்ல, ஆசீர் கோபத்தில் விளக்கை அணைத்துவிட்டு, ஊர்ப் பெரியவர்களை ஸ்டாஃப் யூனியன் ஹாலில் கூட்டினார். பைப்புக்கு உரியவர் எதிரில் உட்காராமல் எந்தப் பைப்பையும் வாட்டக் கூடாது என்று அவரே ஒரு விதியைச் சொன்னார். எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டோம். சங்கரலிங்கம்தான் அதிக நேரம் கைதட்டினார்.

அந்தச் சங்கரலிங்கத்தின் பைப்பு மட்டும் பேசவில்லை. "கம்பவுண்டரே, ஒம்ம பைப்பு எப்ப வாய் தொறக்கும்?" என்று டீக்கடையில் கேலி செய்தால், "அதுல என்னய்யா இருக்கப்போவுது, காப்பி ஆறிப்போச்சுன்னு இருக்கும்" என்று சிரிப்பார். ஆனால் பேசாத மனுஷன், துரைமார் பைப்பு பேசிய அந்த வருஷத்திலிருந்து பேச ஆரம்பித்தார். ஆசீர் எதிரில் உட்கார்ந்து, மழையைப் பற்றி, மூக்கடைப்பைப் பற்றி, பூனை எலி பிடிக்காததைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். பைப்பைக் கடிக்க நேரமே வைக்கவில்லை. "வயசானா வாயும் தொறக்கும் போலுக்கு" என்று ஆசீர் சந்தோஷப்பட்டார். பாவம், அவருக்குச் சந்தோஷப்பட வேறு என்ன இருந்தது.

அப்புறம் சங்கரலிங்கத்துக்குக் கண்ணில் புரை விழுந்து, கோயம்புத்தூருக்கு ஆபரேஷனுக்குப் போனார். வீட்டுச் சாவியை ஆசீரிடம் கொடுத்து, "பூனைக்குப் பால் மட்டும் ஊத்திருங்க அண்ணாச்சி" என்றார். ஆசீர் பால் ஊற்றப் போனார். அலமாரியில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தப் பைப்பு இருந்தது. தன் கையால் செய்த முதல் வேலை அல்லவா, ஆசையாகக் கையில் எடுத்தார். எடுத்தவர் முகம் சுருங்கிப்போனது. காம்பின் நுனியை யாரோ முரட்டு உப்புத்தாளால் கண்டபடி தேய்த்திருந்தார்கள். உதட்டில் நிற்கிற விளிம்பு மழுங்கிப்போய், மேற்பரப்பெல்லாம் கோடு கோடாக, வேலை தெரியாதவன் வேலை. 'கண்ணு தெரியாம இவரே உரசியிருக்காரு, எனக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு' என்று நினைத்து ஆசீரின் மனது இளகிப்போனது. ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுக்கிறோம், நம்ம ஆளுக்கு ஒருநாளும் பார்த்துக் கொடுக்கவில்லையே என்று வெட்கப்பட்டார். திரும்பி வரும்போது புதுசுபோல இருக்க வேண்டும் என்று பைப்பைச் சட்டைக்குள் மறைத்து, மழையில் நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் போட்ட விதி அவருக்கு நினைவிருந்தது. சிநேகிதத்துக்கு விதி உண்டா என்று நினைத்துக்கொண்டார்.

நல்ல வெளிச்சமுள்ள மத்தியானம் அது. கரியைச் சுரண்டி, உப்பும் ஸ்பிரிட்டும் ஊற்றி, மரத்துக்கு மெழுகிட்டு, எல்லாம் முடித்த பிறகுதான் காம்பை விளக்கில் காட்டினார். மேலோட்டமான குழிகள் முதலில் எழும்பின. சங்கரலிங்கத்தின் குரல், "காப்பி ஆறிப்போச்சு" என்றது. ஆசீர் சிரித்துவிட்டார். "இன்னும் ஆறுமணி ஆகலியே" என்றது. "காலு வலிக்கி." "நாளைக்கும் வருவேன்." "போகச் சொல்லிராதீங்க." கேட்கக் கேட்க ஆசீரின் கண் கலங்கியது, இவ்வளவு சின்ன சின்ன வார்த்தையைக்கூடச் சொல்லக் கூச்சப்பட்ட மனுஷனாக இருந்திருக்கிறாரே என்று. பிறகு உப்புத்தாள் உரசிய இடங்கள் எழும்பின. அவை முழுசாக வரவில்லை. "…சொல்லிரணும்…" என்றும் "…நாந்தான்…" என்றும் "…இப்பச் சொன்னா…" என்றும் பாதி பாதியாக, வருஷம் வருஷமாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஆசீருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குழி மிச்சம் இருந்தது. உப்புத்தாளுக்கு எட்டாத ஆழம். அதற்கு அதிக நேரம் சூடு வேண்டும், அவசரப்பட்டால் ரப்பர் கருகிவிடும், எனவே அவர் பொறுமையாகக் காட்டி எடுத்து, காட்டி எடுத்து, அது தானாக எழும்பும்வரை காத்திருந்தார்.

அது வாலிபக் குரலில் வந்தது. "வாற ஞாயித்துக்கிழம கோயில் விட்டதும் பெட்டியோட வாசல்ல நிக்கேன், அவுகளே வந்து கூட்டிட்டுப் போகணும்னு சொல்லுங்கன்னாக, மதினி."

ஆசீர் விளக்கை அணைக்க மறந்துபோனார். தயாமணி மெஞ்ஞானபுரத்து சர்ச் வாசலில் பெட்டியோடு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, இங்கே நடந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சங்கரலிங்கம் அன்றைக்குச் சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை, காலையிலேயே வந்துவிட்டார். கையில் ஆட்டுக்கறி. தானே குழம்பு வைத்து, தானே பரிமாறி, "சாப்பிடுங்க அண்ணாச்சி, மனச விட்டுராதீங்க" என்று சொல்லி, இலையில் எலும்புள்ள துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டார். அந்தக் குழம்பின் ருசி இப்போது, இத்தனை வருஷம் கழித்து, தேயிலை ருசி பார்த்துப் பழகிய அவர் நாக்கில் அப்படியே வந்தது. ஆசீர் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார், ஒரு செம்புத் தண்ணீர் தீர வாய் கொப்பளித்தார்.

ஊருக்கு விஷயம் தெரிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆசீர்தான் சொன்னார், டீக்கடையில் நின்று, பஜாரில் நின்று, பார்க்கிறவரிடமெல்லாம் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார். நாங்கள் எல்லாரும் அவரோடு சேர்ந்து கொதிப்போம் என்று எதிர்பார்த்திருப்பார். முதலில் கொதிக்கத்தான் செய்தோம். வீட்டுக்குப் போய், அவரவர் அலமாரியில் கிடக்கிற அவரவர் பைப்பைப் பார்த்ததும் சூடு ஆறிவிட்டது. குழம்பில் உப்பு அதிகம் என்பது எல்லாம் மேல் குழி. அடிக்குழி எல்லாருக்கும் இருந்தது. உரியவர் இல்லாமல் ஆசீரே வாட்டிவிட்டார் என்றால், நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதையும் வாட்டலாம் அல்லவா? அன்றைக்கும் மறுநாளும் பாலத்தின்மேல் குடையோடு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, ஆற்றை எட்டிப் பார்ப்பதுபோல நின்று, மடியிலிருந்த பைப்பைத் தண்ணீரில் நழுவவிட்டுப் போனார்கள்.

யூனியன் ஹாலில் மறுபடி கூட்டம் போட்டார்கள். முத்துக்கருப்பன் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "டீமேக்கர் ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க போட்ட விதிதான். ஆளு எதுத்தாப்புல இல்லாம வாட்டுனது செல்லாது. செல்லாத வார்த்தைய வச்சு நாங்க கம்பவுண்டர என்னன்னு கேக்கது?"

"செல்லாதா?" என்றார் ஆசீர். "எம் பொண்டாட்டி வாசல்ல நின்னுருக்கா வே. அது செல்லாதா?"

"நின்னாகன்னு சொல்லுறதே அந்த வார்த்ததான?" என்றார் முத்துக்கருப்பன். ஹால் முழுக்கத் தலையாட்டியது. இப்படியாக, ஈரமுடியின் சட்டப்படி அந்த வார்த்தை சொல்லப்படவே இல்லை என்று தீர்மானமானது. செத்துப்போன அப்பன் கடித்துவைத்த வார்த்தையைக் கேட்டுச் சுவர் எழுப்பிய ஊர், ஆசீரின் வார்த்தையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டது. என்னைக் கேட்டால், சங்கரலிங்கம் செய்ததற்குப் பக்கத்தில் இதையும் வைக்கலாம்.

சங்கரலிங்கம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஆசீர் உட்கார்ந்திருந்தார், பூனை அவர் காலடியில். மேஜைமேல் சாவி, சாவிக்குப் பக்கத்தில் பைப்பு. சங்கரலிங்கம் பைப்பை எடுத்துக் கட்டைவிரலால் காம்பைத் தடவினார். இப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல வழுவழுவென்று இருந்தது.

"வாட்டிட்டீகளா?"

"வாட்டிட்டேன்."

சங்கரலிங்கம் கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார். விதியைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஏன் வே?" என்றார் ஆசீர்.

"மதினி வந்துட்டா நான் சாயங்காலம் எங்க போவேன் அண்ணாச்சி?"

ஆசீர் இதை எதிர்பார்க்கவில்லை. பகை என்று ஏதாவது சொல்வார், தயாமணிமேல் ஆசை என்றாவது சொல்வார், வெட்டலாம் குத்தலாம் என்கிற அளவுக்குப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்து வந்திருந்தார்.

"ஒரு மாசம் போவட்டும், சொல்லிரலாம்னுதான் இருந்தேன்" என்றார் சங்கரலிங்கம். "ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா, ஏன் அப்பமே சொல்லலன்னு கேப்பீக. ஒரு வருசம் கழிச்சுச் சொன்னா, ஏன் ஒரு வருசமான்னு கேப்பீக. நாளாக நாளாக அது பெருத்துப்போச்சு அண்ணாச்சி, எங்கையில தூக்க முடியல."

"நான் அழுதப்ப எதுத்தாப்புலதான வே உக்காந்திருந்தீரு."

"உக்காந்திருந்தேன்."

"தண்ணி மோந்து குடுத்தீரே."

"குடுத்தேன்" என்ற சங்கரலிங்கம் கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த கண்ணை அப்படித் தொடக் கூடாது என்று ஆசீர் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே எழுந்து வெளியே வந்தார்.

மெஞ்ஞானபுரத்தில் நடந்ததை ஆசீர் பிறகு எங்களிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பைப்பு வாட்டவுமில்லை, எதையும் மறைக்கவுமில்லை. மலையிறங்கி, பொள்ளாச்சியில் மாறி, திருநெல்வேலியில் மாறி, செம்மணல் மேடான தேரியும் உடைமரமும் பனையுமாக இருக்கிற அந்த ஊருக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் விட்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வழி முழுக்க அவர் ஒரே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார்: அவளிடம் இதை எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது, கறிக்குழம்பைச் சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகும், தன் நெஞ்சு எரிகிறதை இந்த உலகத்தில் அப்படியே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவள்தானே, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தச் சண்டாளனை வாயாரத் திட்டினால்தான் இது அடங்கும்.

தயாமணி கோயிலிலிருந்து அப்போதுதான் வந்து, சேலை மாற்றாமல் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரிய அவருக்கு நேரமே ஆகவில்லை.

"வாங்க" என்றார். "வெயில்ல நிக்காதீங்க."

நாற்காலி எடுத்துப் போட்டார், செம்பில் தண்ணீர் கொடுத்தார், அண்ணன் போன வருஷம் தவறிவிட்டதாகச் சொன்னார். ஆசீர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பைப்பு பேசியதை, துரைமார் பேசியதை, ஊர் பேசியதை, சங்கரலிங்கத்தின் பைப்பு பேசியதை, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை, ஹாலில் செல்லாது என்று சொன்னதை, கட்டில் நுனியில் உட்கார்ந்து அந்த மனுஷன் சொன்ன காரணத்தை. "கூடவே இருந்து என்னய அறுத்துட்டான் தயா" என்று சின்னப் பிள்ளைபோல அழுதார்.

தயாமணி கீரை உருவுவதை நிறுத்தவில்லை. பைப்பு பேசியதில் அவருக்கு ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை.

"நின்னேன்" என்றார். "அந்த ஞாயிறு நின்னேன். நீங்க பஸ்ஸ விட்டுட்டீகளோன்னு அடுத்த ஞாயிறும் நின்னேன். கோயிலப் பூட்டுறவரு, எம்மா வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுறவரைக்கும் நின்னேன். எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் போனாக."

"அவன் சொல்லலியே தயா. அவன் சொல்லியிருந்தா…"

"அவரு பொய் சொன்னாரு, அது அவரு பாவம். நீங்க வந்து கேட்டுருக்கலாம்லா. இன்னைக்கு மூணு பஸ்ஸு மாறி வரத் தெரிஞ்சிருக்கே."

முற்றத்தில் ஒரு கோழி வந்து கீரைக்காம்பைக் கொத்தியது, தயாமணி அதை விரட்டினார்.

"அவரு ஒங்களுக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தாருன்னு சொல்லுதீகளே" என்றார். "எனக்கு எதுத்தாப்புல யாரு உக்காந்திருந்தா?"

கீரையைச் சுளகில் அள்ளிக்கொண்டு எழுந்து நின்று, அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். "இப்ப என்னயக் கூப்பிட வந்தீகளா, இல்ல சங்கரலிங்கத்தப் பத்திச் சொல்ல வந்தீகளா?"

ஆசீர் வாயைத் திறந்தார். மலையிலிருந்து இறங்கியதிலிருந்து இந்த முற்றத்தில் வந்து உட்கார்ந்தவரை, கூப்பிட வேண்டும் என்கிற நினைப்பு ஒருதரம்கூடத் தனக்கு வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இப்போது கூப்பிட்டால் அது பொய். பொய் சொல்லவும் அவருக்கு வரவில்லை.

தயாமணி சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை.

"கீரைக்கொழம்பு ஒரு நிமிசத்துல ஆயிரும்" என்றார். "சாப்பிட்டுட்டுப் போங்க. மத்தியான பஸ்ஸ விட்டுட்டீகன்னா அப்புறம் சாயங்காலந்தான்."